மந்தை ஒன்று, கிடா வேறு



தெலங்கானாவில் குருமர் என்ற மக்கள் ஆடு வளர்க்கிறார்கள். அவர்களுடைய பழைய இனம் தக்காணிச் செம்மறி. பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். அதன் ரோமத்தை வருடத்துக்கு இரண்டு முறை கத்தரிப்பார்கள். நூல் நூற்றுக் கம்பளி நெய்வார்கள். குளிரையும் நீண்ட நடையையும் இந்த ஆடு தாங்கும்.

பக்கத்தில் ஆந்திராவில் நெல்லூர் ஆடு உண்டு. நல்ல உயரம். கம்பளிக்கு ஆகாது. கறிக்கு நல்ல விலை போகும்.

இரண்டையும் ஒன்றாக மேய்க்கலாமா? மேய்க்கலாம். ஆனால் கிடாவில் கவனம் வேண்டும்.

பல ஊர்களில் கறி விலையைப் பார்த்தார்கள். எல்லா ஆட்டுக்கும் நெல்லூர்க் கிடாவையே விட்டார்கள். பிறந்த குட்டிகளுக்கு ரோமம் குறைந்தது. கம்பளி ஆடு அரிதானது. நெய்கிறவர்களுக்கு ரோமம் கிடைக்கவில்லை.

இதற்கு வழி என்ன? கிடாக்களைத் தனியே கட்டுங்கள். சேர்க்கும் காலத்தில் மந்தையை இரண்டாகப் பிரியுங்கள். அந்தந்த இனத்துக்கு அந்தந்தக் கிடாவை விடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றுங்கள். புதுக் கிடாவை அதே இனத்தில், வேறு மந்தையில் வாங்குங்கள்.

சேர்த்த தேதியை நோட்டில் எழுதுங்கள். ஐந்து மாதத்தில் குட்டி வரும். எந்தக் கிடாவின் குட்டி என்பதை நோட்டே சொல்லும்.

உங்கள் பட்டியில் எந்த இனம் இருந்தாலும் முறை இதுதான். இனம் போனால் சந்தையில் வாங்க முடியாது.