வடித்த நீரும் வடிகால் நீரும்



துறவறத்தார்க்குக் கொல்லாமை முழுமையானது. இல்லறத்தார்க்கு அஃது அளவுடையது. பிற உயிர்க்குச் செய்யும் துன்பத்தை ஆசாரியர்கள் நான்காக வகுத்தனர். வேண்டுமென்றே செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்பிற்கான தொழிலில் நேர்வது உத்யோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. இவற்றுள் முதலாவதைச் சாவகர் அறவே விட வேண்டும். ஏனைய மூன்றையும் முற்றும் விடுதல் அரிது. இயன்றவரை குறைத்தல் கடன். அந்த ‘இயன்றவரை’ என்னும் சொல்லின் எல்லை எது என்பதே இவ்வுரையின் பொருள். அதனைத் தெளிய ஒரு சிறு தொழிலைச் சான்றாகக் கொள்ளலாம்.

சேலத்திற்கு மேலே, சேர்வராயன் மலைத்தொடரில், ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த மலைச் சிற்றூர் வாழவந்தி. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காபிப் பயிரைக் கொண்டு வந்தார். அன்று முதல் இரு நூற்றாண்டுகளாக மலைமக்களின் வாழ்வு இப்பயிரோடு பிணைந்துள்ளது. இங்குப் பெரிய எஸ்டேட்டுகளும் உண்டு; மலையாளிப் பழங்குடியினர் உள்ளிட்டோரின் சிறு தோட்டங்களும் உண்டு. இந்தியாவில் காபி பயிரிடுவோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் 10 ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு விவசாயிகளே.

கார்த்திகை முதல் தை வரை அராபிகா காபி பழுக்கும். நல்ல விலை பெற விரும்புவோர், பறித்த பழத்தை அன்றே இயந்திரத்திலிட்டுத் தோலுரிப்பர். கொட்டையைச் சுற்றியுள்ள வழவழப்பான பசை நீங்கும் பொருட்டு அதனைத் தொட்டியில் புளிக்க வைத்து, நீரில் அலசி, களத்தில் உலர்த்துவர். இதுவே பார்ச்மென்ட் காபி. தோலுரிக்காமல் பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்தினால் அது செர்ரி காபி. செர்ரிக்கு நீர் வேண்டா. ஆயினும் விலை குறைவு.

ஒரு கிலோ காபிக் கொட்டை பெற ஏறத்தாழ 6 கிலோ பழம் வேண்டும். பழத்தின் எடையில் நூற்றுக்கு 40 பங்கு தோலும் சதையுமே. அஃதாவது, ஒரு கிலோ காபிக்கு 2 கிலோவிற்கும் மேற்பட்ட தோல் கழிவாக மிஞ்சுகிறது. அத்துடன் சர்க்கரையும் பசையும் கரைந்த அலசுநீரும் சேர்கிறது. இந்நீர் ஓடையில் கலந்தால் என்ன ஆகும்? அதிலுள்ள சர்க்கரையை உண்டு நுண்ணுயிர்கள் பெருகும். அவை நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். நீர் புளித்து நாறும். மீனும் தவளைக் குஞ்சும் நீர்ப்பூச்சியும் மூச்சின்றி மடியும். எவரும் கையால் கொன்றதில்லை. எனினும் உயிர்கள் மாண்டன. அறுவடை வளரும் தை மாதத்தில் மழை ஓய்ந்து ஓடைநீர் மெலிவதால், கழிவின் கடுமை மேலும் கூடுகிறது.

இது மலையோடு முடிவதன்று. சேர்வராயன் மலையின் ஓடைகள் பல திசைகளில் இறங்குகின்றன. திருமணிமுத்தாறும் சரபங்கா ஆறும் காவிரியைச் சேர்கின்றன. வாணியாறு தென்பெண்ணையில் கலக்கிறது. தென்பெண்ணையோ திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் வழியே கடலுக்குச் செல்கிறது. தமிழ்ச் சமணர் தலைமுறை தலைமுறையாக உழுதுண்டு வாழும் மாவட்டங்கள் அவை. மேட்டில் விடும் நீர் பள்ளத்தில் உள்ளோரின் நீர்.

சாவகர் இல்லங்களில் குடிநீரைத் துணியால் வடிகட்டும் வழக்கம் தொன்றுதொட்டு வருவது. வடித்தபின் துணியில் தங்கிய உயிர்களை, நீர் எடுத்த கிணற்றிலேயே திரும்பச் சேர்ப்பதும் அவ்வழக்கத்தின் பகுதி. குடத்து நீரில் இவ்வளவு கருத்துடையோர், தொழிற்கூடத்தின் பின்புறம் ஓடும் வடிகாலைப் பாராதிருத்தல் பொருந்துமோ? வாயிலில் நுழையும் நீருக்கு ஓர் அறமும், வெளியேறும் நீருக்கு வேறோர் அறமும் இல்லை.

இங்கே குணவிரதங்களுள் ஒன்றாகிய அனர்த்ததண்ட விரதத்தை நினைவு கூர்தல் தகும். பயனின்றிப் பிற உயிரை வருத்தாமையே அவ்விரதம். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், தேவையின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், தீயை மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றையும் இவ்விரதத்திற்கு மாறான குற்றங்களாக எண்ணுகிறது. காபிப் பழத்தைத் தோலுரிப்பது பிழைப்பு. அதில் நேரும் துன்பம் உத்யோக இம்சை. அலசிய நீரை ஓடையில் விடுவதால் கொட்டை ஒன்றும் கூடுவதில்லை. விலை ஒரு ரூபாயும் ஏறுவதில்லை. அது பயனற்ற துன்பம், அனர்த்ததண்டம். ‘இயன்றவரை’ என்பதன் எல்லைக்கோடு இங்கேதான் விழுகிறது.

எனில், செய்யத்தக்கன யாவை? முதலாவது, நீரைக் குறைத்தல். கொலம்பியா நாட்டின் காபி ஆய்வு நிலையமான செனிகாஃபே, 1990களில் பசையை இயந்திரத்தாலேயே நீக்கும் முறையை உருவாக்கியது. பழைய முறையில் ஒரு கிலோ உலர்ந்த காபிக்கு 40 லிட்டர் வரை செலவான நீர், அம்முறையில் ஏறத்தாழ ஒரு லிட்டராகக் குறைந்தது. புதிய இயந்திரம் வாங்க இயலாதோர், தோலுரித்த நீரையே அன்றைய வேலை முடியும்வரை திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, தோலை நீரோடு கலக்க விடாது உடனே பிரித்தல். சாணமும் சருகும் சேர்த்து, ஓடைக்கு அப்பால், கூரையின் கீழ் மக்க வைத்தால் அது சாம்பல் சத்து மிகுந்த எருவாகிக் காபிச் செடிக்கே திரும்பும். உரச் செலவும் குறையும்.

மூன்றாவது, எஞ்சிய நீரை நிறுத்தி வைத்தல். ஊற்றிற்கும் கிணற்றிற்கும் தொலைவில், கசிவற்ற தொட்டிகளில் தேக்கி, சுண்ணாம்பினால் புளிப்பை ஆற்றி, படியவிட்டு, பலநாள் கழிவு சிதைந்தபின் தோட்டத்திற்குப் பாய்ச்சலாம். மூடிய தொட்டியாயின் அடுப்பிற்கு எரிவாயுவும் கிட்டும்.

தொட்டியிலும் எருக்குழியிலும் நுண்ணுயிர்கள் தோன்றி மறையுமே என்று ஒருவர் வினவக்கூடும். வினா நேர்மையானது. அவ்விம்சையை முற்றும் தவிர்த்தல் இல்லறத்தார்க்கு இயலாது. ஆயினும் ஓரிடத்தில் அடங்கி முடியும் துன்பம் வேறு. ஓடை முழுவதையும் அதன் கரைவாழ் உயிர்களையும் வருத்தும் துன்பம் வேறு. முன்னையதை ஏற்றுப் பின்னையதைத் தவிர்ப்பதே சாவகரின் வழி.

நிழல் மரங்களின் செய்தியும் இதனோடு சேர்ந்ததே. மலையின் சொந்த மரங்களை வெட்டி, சில்வர் ஓக் மரத்தை மட்டும் வரிசையாக நட்டால் மிளகுக் கொடிக்குத் துணை கிட்டும். தடிக்கும் விலை கிட்டும். ஆனால் பலவகைப் பழமும் பூவும் உண்டு வாழும் பறவைகளும் வண்டுகளும் இடம் இழக்கும். நிழல் குன்றி வெயில் நேராகப் படும் அராபிகாத் தண்டையே வெள்ளைத் தண்டுத் துளைப்பான் மிகுதியாக நாடும். அதனை அழிக்க நஞ்சு தெளிக்க நேரும். ஒரு மரத்தை வெட்டியதன் விளைவு, பல்லாயிரம் உயிர்க்கு நஞ்சாகிறது.

செலவு யாருடையது என்னும் கேள்வி மீதமுள்ளது. இரண்டு ஏக்கர் உடையவர் தனியே தொட்டிகள் கட்டுதல் கடினம். அண்டை அயலார் கூடி ஒரே இடத்தில் தோலுரித்தால் ஒரே தொட்டி வரிசை போதும். அதுவும் இயலாதபோது செர்ரியாக உலர்த்துதலே ஓடைக்கு நன்று. அதனால் விளையும் விலைக் குறைவைப் பயிரிடுவோர் மட்டும் சுமத்தல் நீதியன்று. கொட்டையை வாங்கும் வணிகரும், காலையில் காபி அருந்தும் இல்லத்தாரும் அதில் பங்குடையர். மலிவான விலையை மட்டும் தேடுவோர், அந்த மலிவை ஓடை தன் உயிரால் ஈடுசெய்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

மலைத் தோட்டத்திற்குச் சொன்னது சமவெளித் தொழிலுக்கும் பொருந்தும். ஆரணி வட்டார அரிசி ஆலைகளில் நெல் ஊறவைத்த நீரும் இத்தகையதே. வாய்க்காலில் விட்டால் அதுவும் பிராணவாயுவை உறிஞ்சும். பலகாரக் கடையின் எஞ்சிய எண்ணெய், துணிக்கடையின் நெகிழி உறை என ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வடிகால் உண்டு.

வணிகர் இல்லங்களில் வரவு செலவுக் கணக்கு எழுதாத நாளில்லை. அக்கணக்கேட்டில் மேலும் இரு பத்திகள் சேர்க்கலாம்: தொழிலுக்கு எடுத்த நீர் எவ்வளவு, வெளியே விட்ட கழிவு எவ்வளவு. அன்றாடக் குற்றங்களை எண்ணிப் பார்க்கும் பிரதிக்கிரமணத்தின் போது அவ்விரு பத்திகளையும் ஒருமுறை படித்தல் நன்று. இவ்விழா முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும் தத்தம் கடை, களம், ஆலை ஆகியவற்றின் பின்புறம் சென்று, அங்கிருந்து ஓடும் நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று தொடர்ந்து நடந்து பார்ப்பார்களாக.