வம்ச நோய் என்று விட்டுவிட வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நலவாழ்வுக் குழு சார்பில் பேசியது)



“அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்துச்சு, எனக்கும் வருமா?” இப்படிக் கேட்கிற சகோதரிகள் உண்டு. வம்ச நோய், தலையெழுத்து என்று பேசாமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறோம்.

நம்ம குடலுக்குள் கோடி கோடியாகக் கிருமிகள் இருக்கு. அவற்றை அடையாளம் கண்டு உடம்புக்குத் தகவல் சொல்ல, காவலாளி மாதிரி சில ஏற்பிகள் நம்ம செல்களில் இருக்கு. அதில் ஒரு வகைக்கு ‘டோல்’ ஏற்பி என்று பேர்.

இந்தப் பேர் வந்த கதையைக் கேளுங்க. ஜெர்மனியில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்ற பெண் விஞ்ஞானி, பழத்தில் மொய்க்கிற சின்ன ஈயை ஆராய்ந்தார். மரபணு ஒன்று மாறியதால் விசித்திரமாக இருந்த ஈப்புழுவைப் பார்த்து “டோல்!” என்றாராம். ‘அபாரம்’ என்று அர்த்தம். அவருக்கு 1995-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மரபணு கெட்டுப்போன ஈ, பூஞ்சைக் காளானை எதிர்க்க முடியாமல் செத்துப்போகும் என்று 1996-ல் பிரான்சில் ஜூல் ஹாஃப்மன் குழு கண்டுபிடித்தது. அதே மாதிரி காவலாளி எலிக்கும் உண்டு என்று 1998-ல் அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர் குழு காட்டியது. இந்த இருவருக்கும் 2011-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நமக்கும் இந்தக் காவலாளிகள் உண்டு.

இந்தக் காவலாளியை உண்டாக்கும் மரபணு எல்லோருக்கும் அச்சில் வார்த்த மாதிரி இருக்காது. ஒரே அளவில் பத்து ஜாக்கெட் தைத்தாலும் ஒரு தையல் முன்னே பின்னே இருக்கும் இல்லையா, அது போலத்தான். காவலாளி அசந்தால் கிருமி புகுந்துவிடும். ரொம்பத் துள்ளினால் குடலில் ஓயாத அழற்சி. வருஷக்கணக்கில் அப்படி இருந்தால் புற்றுநோய்க்கு வாய்ப்பு கூடும். அதனால் பல நாடுகளில் ஆராய்ந்தார்கள். சில ஆய்வில் ஆபத்து கொஞ்சம் கூடுது, சில ஆய்வில் வித்தியாசமே இல்லை. ஆக, இந்தச் சின்ன மாற்றம் மட்டுமே நம்ம கதியை முடிவு செய்வதில்லை.

ஆனால் அலட்சியமும் கூடாது. பெற்றோருக்கோ கூடப் பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால், நமக்கு ஆபத்து மற்றவரைவிடச் சுமார் இரண்டு மடங்கு. ஒரே குடும்பத்தில் பலருக்கு, 50 வயதுக்கு முன்னாலேயே குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால், அது ‘லிஞ்ச்’ என்ற வேறு வகை மரபணுக் கோளாறாக இருக்கலாம். அந்தக் குடும்பங்கள் கட்டாயம் டாக்டரைப் பார்க்கணும்.

இந்த நோய் பெரும்பாலும் சின்ன சதைமுளையாகத் தொடங்கி, புற்றாக மாற பத்து வருஷம்கூட ஆகும். டியூப் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி சோதனையில் அந்த முளையை அப்போதே எடுத்துவிடலாம். நமக்குக் கிடைக்கிற அவகாசம் அதுதான்.

அந்த அவகாசத்தை வெட்கத்தில் தொலைக்கலாமா? மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று நாமே முடிவு செய்து மறைக்கிறோம். மூலமாகவே இருக்கலாம். டாக்டர் சொல்லட்டும். இவற்றைக் கவனியுங்க:

* மலத்தில் ரத்தம்
* வாரக்கணக்கில் மலச்சிக்கல் அல்லது பேதி
* காரணமில்லாமல் எடை குறைவது
* மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தசோகை

சகோதரிகளே, குழுக் கணக்கை வரி விடாமல் எழுதுகிறோம். அதே மாதிரி வீட்டில் ஒரு நோட்டு போடுங்க. பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்கு, எந்த வயதில், என்ன புற்றுநோய் என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்க. போய்வர பணமில்லை என்றால் குழுவில் உள்கடன் கேளுங்க. விதை வாங்கக் கேட்கிற நாம், உயிரைக் காக்கக் கேட்கத் தயங்கலாமா?