பேரிக்காய் வடிவ அணுக்கரு



ரேடியம் என்றதும் கியூரி தம்பதியர் 1898-இல் அதைக் கண்டறிந்த கதைதான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அதே ரேடியம் இன்று பார்க்கும் வேறொரு வேலையைப் பற்றி: இயற்கையின் சமச்சீர்மையில் ஒரு பிசகைத் தேடும் வேலை.

1964-இல் இயற்பியலாளர்கள் கிரோனினும் ஃபிட்சும் கேயான் துகள்களை ஆராய்ந்தபோது, துகளுக்கும் எதிர்த்துகளுக்கும் இடையிலான சமச்சீர்மை சற்றே பிசகியிருக்கக் கண்டார்கள். அது பிசகினால் காலத்தின் சமச்சீர்மையும் பிசகியாக வேண்டும் என்கிறது கோட்பாடு. ஆனால், பேரண்டத்தில் பொருள் மட்டும் எப்படி மிஞ்சியது என்பதை விளக்க அந்தப் பிசகு போதவில்லை. இன்னொன்று எங்கோ ஒளிந்திருக்க வேண்டும்.

அதைத் தேட ஒரு வழி உண்டு. சுழலும் அணுக்கருவில் நேர்மின்னூட்டம் சுழல் அச்சின் ஒரு முனைப் பக்கம் துளி ஒதுங்கியிருப்பதாகக் கொள்ளுங்கள். காலத்தைத் திருப்பினால் சுழற்சி எதிர்த்திசைக்கு மாறும். மின்னூட்டம் இருந்த பக்கமே இருக்கும். ஆகவே மின் இருமுனைத் திருப்புத்திறன் எனப்படும் இந்த ஒதுக்கம் இம்மியளவு தென்பட்டாலும் காலச் சமச்சீர்மை குலைந்தது உறுதி. சிக்கல் என்னவென்றால், சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் இடம் மாறி அதை மறைத்துவிடும். 1963-இல் இயற்பியலாளர் ஷிஃப் இதை நிறுவினார். கனமான, உருத்திரிந்த அணுக்கருவிடம் இந்த மறைப்பு முழுமையாகப் பலிப்பதில்லை. ரேடியம்-225-இன் அணுக்கரு பேரிக்காய் வடிவம். இதே தேடலுக்குப் பயன்படும் பாதரசத்தில் தெரிவதைவிடப் பல நூறு மடங்கு விளைவை அது காட்டும் என்பது கணக்கு.

அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ரேடியத்தைக் கொண்டு இந்தத் தேடலை நடத்துகிறார்கள். அடுப்பிலிருந்து ஆவியாக வரும் அணுக்களை 714 நானோமீட்டர் லேசர் தடுத்து நிறுத்துகிறது. சில அணுக்கள் அந்த லேசருக்கு எட்டாத நிலைக்கு நழுவும். அவற்றை மீட்டு வர அறையின் சாதாரண வெப்பக் கதிர்வீச்சே உதவியது! 2007-இல் வெளியான இந்தச் செய்தியில் எனக்குத் தனிப் பிரியம். காசு செலவில்லாத கருவி எத்தனை ஆய்வகத்துக்கு வாய்க்கும்? பிறகு இன்னொரு லேசர் கற்றை அணுக்களைச் சுமந்து, காந்தக் கவசத்துக்குள் சுமார் 2 மி.மீ. இடைவெளியில் நிற்கும் இரு மின்வாய்களுக்கு நடுவே கொண்டுபோய் வைக்கிறது. அங்கே அணுக்கருக்கள் பம்பரம்போலத் தலையாட்டுகின்றன. மின்புலத்தின் திசையை மாற்றும்போது அந்த ஆட்டத்தின் வேகம் மாறுகிறதா என்பதே கேள்வி. ரேடியம்-225-இன் அரை ஆயுள் சுமார் 15 நாள். சரக்கு கரைந்துகொண்டே இருக்கும்.

2015-இல் கிடைத்த விடை: மாற்றம் தென்படவில்லை. 2016-இல் அளவீடு 36 மடங்கு கூர்மையானது. திருப்புத்திறன் இருந்தாலும், எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை 1.4 × 10⁻²³ செ.மீ.-ஆல் பெருக்கினால் வரும் அளவைத் தாண்டாது. இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு; எனக்கு உடன்பாடில்லை. பூச்சியம் என்ற விடையும் புதுக் கோட்பாடுகள் சிலவற்றுக்கு வேலி போடுகிறது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. சியாட்டில் நகர ஆய்வுக் குழு ஒன்று அதே 2016-இல் பாதரசம்-199-இல் எட்டிய வரம்பு அதே அலகில் 7.4 × 10⁻³⁰. ரேடியத்தின் பல நூறு மடங்குச் சலுகையைக் கழித்துப் பார்த்தாலும் பாதரசமே இன்னும் முன்னால் நிற்கிறது. அந்த இடைவெளியைக் குறைக்க இன்னும் அதிக அணுக்களும் வலுவான மின்புலமும் வேண்டும்.