கூடினால் மட்டும் போதுமா?
(தேவஸ்தான இலவச மருத்துவ முகாம் தொடக்க நிகழ்வில் ஆற்றிய உரை)



அரசும் பொது அமைப்புகளும் கூடிச் செயல்பட வேண்டும் என்று எல்லா மேடைகளிலும் பேசுகிறோம். கூடுவது எளிது, கூடிய பின் வேலை நடப்பதுதான் அரிது. இந்தியா இளம்பிள்ளை வாதத்தை ஒழித்த வரலாறு இதற்கு நல்ல பாடம்.

1988இல் உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெஃப், ரோட்டரி சங்கம் முதலியவை இந்நோயை உலகை விட்டே விரட்ட இணைந்தன. இந்திய அரசு 1995இல் நாடு தழுவிய சொட்டு மருந்து முகாம்களைத் தொடங்கியது. மருந்து இருந்தது, ஆள் இருந்தது. ஆயினும் 2002இல் 1,500க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தினர்.

காரணம் என்ன? மருந்தால் மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தி ஒருபுறம். குடிநீரும் சாக்கடையும் சரியில்லாத தெருவுக்கு இந்த மருந்து மட்டும் ஏன் தேடி வருகிறது என்ற ஐயம் மறுபுறம்.

பிறகு வழி மாறியது. அந்தந்தத் தெருப் பெண்களே வீடு வீடாகச் சென்று பேசினர். பள்ளிவாசல் இமாம்கள் அறிவிப்புச் செய்தனர். அரசு மருந்தைக் கொண்டு சேர்த்தது. உலகச் சுகாதார நிறுவனம் நோயைக் கண்காணித்தது. யுனிசெஃப் மக்கள் தொடர்பைக் கவனித்தது. ரோட்டரி நிதியும் தொண்டரும் தந்தது. விடுபட்ட வீடுகளைக் கணக்கெடுத்து மீண்டும் சென்றனர். 2009இல் 741 பேர்; 2010இல் 42 பேர்; 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரே ஒரு குழந்தை. அதுவே கடைசி. 2014 மார்ச் 27இல் சான்றிதழ் கிடைத்தது.

பொறுப்பு பிரிந்திருக்க வேண்டும். கணக்கு பொதுவாக இருக்க வேண்டும். மக்கள் நம்புகிறவர் உடன் இருக்க வேண்டும். இம்மூன்றுமே அவ்வெற்றி நமக்குச் சொல்வது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் உள்ளது. இன்று இங்கே விரலில் ஊசி குத்திப் பார்த்துச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டால் கடமை முடிந்ததா? அளவு கூடியிருப்பவர் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனாரா என்று யார் கேட்பது? துணையில்லாத முதியவரை யார் அழைத்துச் செல்வது?

மருத்துவர்கள் சோதிக்கட்டும். இளைஞர் பிரிவு தொலைபேசியில் விசாரிக்கட்டும். நன்கொடையாளர்களே, கூடார வாடகையோடு, முதியோரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் ஒரு பங்கு கொடுங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு எத்தனை பேர் சிகிச்சையைத் தொடர்கிறார்கள் என்றும் கணக்குச் சொல்வோம்.