வக்காலத்துக் கொடுக்க ஆளில்லாதவர்கள்

1979 ஜனவரி 8, 9 தேதிகளில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழ் பீகார் சிறைகளின் நிலையை எழுதியது. தேசியக் காவல் ஆணைய உறுப்பினர் கே. எஃப். ருஸ்தம்ஜி அங்கே நேரில் கண்டவை அவை. ஐந்து, ஏழு, ஒன்பது ஆண்டுகளாக விசாரணை தொடங்காமலே பலர் அடைபட்டுக் கிடந்தனர். சிலருக்குப் பத்தாண்டும் கடந்திருந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால்கூட அவர்களில் பலர் அத்தனை காலம் சிறையில் இருந்திருக்க வேண்டியதில்லை. ஜாமீன் கேட்க வழக்கறிஞர் இல்லை. ஜாமீன் கிடைத்தாலும் பணம் கட்ட வழியில்லை.

அதைப் படித்த டெல்லி வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி, சில நாள்களுக்குள் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். பாதிக்கப்பட்டவரோ உறவினரோதான் மனுச் செய்யலாம் என்பது அன்றைய வழக்கம். இங்கே வக்காலத்தில் கையெழுத்திட ஆளில்லை, கட்டணம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. நீதிபதி பி. என். பகவதி தலைமையிலான அமர்வு மனுவை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதுவே ஹுசைனாரா காத்தூன் வழக்கு. இந்தியாவில் பொதுநல வழக்கின் தொடக்கமாகச் சட்ட மாணவர் படிப்பது. விரைவான விசாரணையும், வசதியற்றவருக்கு இலவச வழக்கறிஞரும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கிய உரிமைகள் என்று அதே ஆண்டு தீர்ப்பாயிற்று. இவ்வழக்கை ஒட்டி விடுதலையான விசாரணைக் கைதிகள் சுமார் 40,000 பேர் என்பர்.

உரிமை என்ற சொல்தான் இங்கே முக்கியம். இலவசச் சட்ட உதவியைத் தருமம் என்று எண்ணுவோர் வழக்கறிஞர்களிலேயே உண்டு. அந்த எண்ணம் தவறானது. பாகல்பூரில் போலீசாரால் கண்கள் பறிக்கப்பட்ட கைதிகளின் வழக்கிலும் ஹிங்கோரானியே வாதாடினார். பணமில்லை என்று சொல்லி அரசு இக்கடமையிலிருந்து விலக முடியாது, இந்த உரிமை உண்டென்பதை நீதித்துறை நடுவரே குற்றம் சாட்டப்பட்டவரிடம் சொல்ல வேண்டும் என்று அவ்வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1986இல் சுக் தாஸ் வழக்கில், அப்படிச் சொல்லாமல் நடந்த விசாரணையில் விதித்த தண்டனையே ரத்தானது.

1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் இலவசச் சட்ட உதவிக்கான 39ஏ உறுப்பை அரசமைப்பில் சேர்த்தது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் முதல் தாலுகா வரை இதற்கான அமைப்புகள் உள்ளன. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் உதவி பெறலாம்.

இவ்வமைப்புகளின் பட்டியலில் உள்ள வழக்கறிஞருக்கு அரசு சிறு ஊதியம் தருகிறது. அதுவும் பெறாமல் வாதாட முன்வருவோரை வழக்காடிகளோடு இணைக்க, மத்திய அரசு 2017இல் ‘நியாய பந்து’ திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு, மூத்த வழக்கறிஞர் தகுதிக்கான மதிப்பெண்ணில் கட்டணமின்றி நடத்திய வழக்குகளையும் உச்ச நீதிமன்றம் கணக்கில் சேர்த்தது. அந்த மதிப்பெண் முறை 2025இல் கைவிடப்பட்டது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்ற நூலகத்தில் ஹிங்கோரானியின் உருவப்படம் திறக்கப்பட்டது. அங்கே இடம்பெற்ற முதல் பெண் வழக்கறிஞரின் படம் அது. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பெருமை.

பட்டம் பெற்று வருவோருக்கு இத்தொண்டின் வாசல் பெரும்பாலும் ரிமாண்ட் நேரத்தில்தான் திறக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். எப்போது பிடித்தார்கள், வீட்டுக்குத் தகவல் போயிற்றா, உடம்பில் காயம் உண்டா என்று அங்கே கேட்க ஓர் ஆள் வேண்டும். அடுத்த வேலை, நாள்களை எண்ணுவது. 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவின்படி, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலிலேயே கழித்திருந்தால் விடுவிக்கப்பட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்கும் நிலுவையில் உள்ளவருக்கும் இது பொருந்தாது. சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், கைதியின் வழக்குத்தாளைப் புரட்டி அந்தத் தேதியைக் குறித்து வைக்கும் வழக்கறிஞர் இருந்தால் அந்தக் கடிதம் தாமதமாவதில்லை.