மணப்படம்: பிலிமா, டிஜிட்டலா?

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், கேரள எல்லையைக் கடந்தவுடன் வரும் ஊர் கோவிந்தாபுரம். அங்கே நம் உறவினர் இல்லத்தில் நடைபெறவிருக்கும் திருமணத்திற்குப் பிலிம் காமிரா ஏற்றதா, டிஜிட்டல் காமிரா ஏற்றதா என்று தில்லியிலுள்ள நம்மிடம் கேட்டிருந்தனர். வெளிமாநிலங்களில் வாழும் உங்களுக்கும் இவ்வினா எழக்கூடுமாதலால், நாம் அளித்த விடையை இங்கே கூறுகிறோம்.

பிலிமின் பெருமை சிறிதன்று. நம் பாட்டியாரின் மணக்கோலத்தை நாம் இன்று காண்பது, தகரப் பெட்டியில் காப்பாற்றப்பட்ட ஒரேயொரு நெகட்டிவினால்தான். உதகையில் 1960இல் நிறுவப்பெற்று, 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ சுருள்களை நம்மில் பலர் அறிவோம். அவ்வாலை இன்று இயங்கவில்லை. சுருள் கிடைப்பினும் அதனைக் கழுவித் தருவோர் அருகிவிட்டனர். சிறு காமிராச் சுருள் ஒன்றில் 36 படங்களே அடங்கும். அவை எவ்வாறு அமைந்தன என்பதும் கழுவிய பின்னரே தெரியும். தாலி கட்டும் கணமோ மீண்டும் வாராது.

டிஜிட்டல் காமிராவில் எடுத்த படத்தை அப்பொழுதே பார்த்துக் குறையைத் திருத்திக்கொள்ளலாம். ஹோமப் புகை சூழ்ந்த மண்டபத்திலிருந்து வெயில் எரிக்கும் வாசலுக்கு வந்தால், ஒளியுணர்வைப் படத்துக்குப் படம் மாற்றலாம். பிலிமிலோ அது சுருளுக்குச் சுருளே மாறும். ஆகவே, டிஜிட்டலையே கொள்க என்று எழுதினோம்.

அத்துடன் ஓர் எச்சரிக்கையும் எழுதினோம். நம் தம்பியின் திருமணப் படங்கள் அனைத்தும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஒரு நாள் அது பழுதுற்றது. படங்கள் யாவும் போயின. திருமணம் முடிந்த மூன்றாம் திங்களில் மறைந்த நம் தந்தையார், அன்று மணப்பந்தலில் நின்று சிரித்த முகமும் அவற்றோடு போயிற்று. நெகட்டிவைக் கையிலேந்தி ஒளிக்கெதிரே பிடித்தால் உருவம் தெரியும். டிஜிட்டல் படமோ கருவியின் துணையின்றித் தோன்றாது.

எனவே, படங்களை இரண்டு தட்டுகளில் பதிந்து, ஒன்றைச் சொந்த ஊரிலும் மற்றொன்றை நீங்கள் வாழும் ஊரிலும் வையுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கு மாற்றுங்கள். நூறு படங்களையேனும் தேர்ந்து தாளில் அச்சிட்டு ஆல்பமாக்குங்கள். பிலிமில் ஆர்வமுடையோர் கூடுதலாக ஒரு சுருள் எடுக்கலாம். ஆயின் விமானத்தில் செல்வோர், எக்ஸ்ரே சோதனையில் அது பழுதுறாவண்ணம் கையாற் சோதிக்குமாறு கேட்டுக்கொள்ளுதல் நலம்.

எக்காமிராவில் எடுத்தாலும், காப்பாற்றிய படமே நம் பேரர்க்குக் கிட்டும்.