உவர் நிலத்தில் ஸ்டே கம்பியைக் காப்போம்



வயலில் மின்பாதை திரும்பும் இடத்திலும் முடியும் இடத்திலும் உள்ள கம்பங்களைச் சாயாமல் இழுத்துப் பிடிப்பது ஸ்டே கம்பி. அதன் கீழ்முனையில் ஓர் இரும்புத் தண்டு மண்ணுக்குள் இறங்கி, ஆழத்தில் புதைத்த தகட்டுடன் இணைந்திருக்கும். மேலே கம்பி விறைப்பாகவே தெரியும்; உள்ளே தண்டு பாதி அரித்துப் போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றில் அது அறுந்தால் கம்பம் சாயும். மின்கம்பி ஈர வயலில் விழும். உயிருக்கே ஆபத்து.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு வடக்கே தருவைகுளம், வேப்பலோடை, தெற்கே முள்ளக்காடு, பழையகாயல் பகுதிகளில் உப்பளங்களை ஒட்டி நிலம் வைத்திருப்போர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மண்ணின் நிறைவுச் சாற்றில் மின் கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் அதை உவர் நிலம் என்கிறோம். பயிருக்கு ஆகாத அந்த உப்பு இரும்புக்கும் ஆகாது. இரும்பு துருப்பிடிக்கும்போது ஈர மண்ணின் வழியே சிறு மின்னோட்டம் நடக்கிறது. உப்பு அதற்கு வழி எளிதாக்குகிறது. காற்றும் ஈரமும் மாறி மாறிப் படும் இடம் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே. பெரும்பாலும் அங்கேதான் தண்டு முதலில் இளைக்கும்.

தண்டின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சு தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கிறது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவதும் இதற்காகவே. ஆனால் பூச்சு கரைந்து தீர்ந்தபின் காவல் இல்லை. எனவே உவர் நிலத்தில் தண்டின் மேல் தார்ப்பூச்சும் வேண்டும். கான்கிரீட் இடுவதானால் அடி முதல் தரைக்கு மேல் ஓர் அடி வரை தொடர்ச்சியாக இட்டு, உச்சியில் நீர் வழியச் சரிவு வைக்க வேண்டும். பாதி கான்கிரீட்டிலும் பாதி உப்பு மண்ணிலும் நின்றால், மண்ணில் உள்ள பாதி விரைவாக அரிக்கும். ஸ்டே கம்பியின் நடுவில் உள்ள முட்டை வடிவப் பீங்கான் உடையாமல் இருப்பதும் முக்கியம். அது மேலிருந்து மின்சாரம் கீழிறங்காமல் தடுக்கிறது. இவை யாவும் மின்வாரியப் பணியாளர் செய்ய வேண்டியவை. புதிய பம்புசெட் இணைப்புக்குக் கம்பம் நடும்போதே கேட்டுப் பெறுங்கள்.

உங்கள் பங்கு எளிது. தண்டின் அருகே உப்பு நீர் தேங்க விடாதீர்கள். பொட்டாஷ் உர மூட்டையை அங்கே அடுக்காதீர்கள். மியூரியேட் ஆப் பொட்டாஷில் பாதிக்குச் சற்றுக் குறைய குளோரைடே இருக்கிறது. அருகில் வாய்க்கால் வெட்டாதீர்கள். தகட்டின் மேலுள்ள மண்ணின் பாரமே அதை நிறுத்துகிறது. ஆடு மாடுகளை ஸ்டே கம்பியில் கட்டாதீர்கள்.

கம்பி தளர்ந்தாலோ, தண்டு தரையோரம் இளைத்துத் தெரிந்தாலோ நீங்களே தோண்டிப் பார்க்க வேண்டாம். பிரிவு அலுவலகத்திலோ, மின்னகம் 94987 94987 என்ற எண்ணிலோ உடனே தெரிவியுங்கள். புரட்டாசிக்குள் இதைச் செய்துவிட்டால் மழைக்காலத்தில் அச்சமின்றி வயலில் இறங்கலாம்.